தீபத்தன்று அடுக்கிய கல்

மேடத்தை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அந்தத் தகரப் பெட்டிதான். ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். உள்ளே ஐந்து வரிசைகளாகத் தடுத்திருக்கும். பூமிக்குள்ளிருந்து உருளை உருளையாகத் துளைத்தெடுத்த கல்லை, மேலே இருந்தது முதலில், ஆழத்தில் இருந்தது கடைசியில் என்று அதில் அடுக்கி, ஓரத்தில் ஆழத்தைப் பெயின்டில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த கட்டத்துக்கு அரசாங்கம் நிதி ஒதுக்குவதும் ஒதுக்காததும் இந்தப் பெட்டியைப் பொறுத்தது என்பது, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

மேடம் அரசாங்க ஜியாலஜிஸ்ட். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் அதுவரை போர்வெல் வண்டியில் இருந்தவன். திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு மெஷினோடுதான் பிழைப்பு. கனிமங்களை வெளிநாட்டிலிருந்து வாங்குவதைக் குறைக்க வேண்டும் என்று டெல்லியில் ஒரு கொள்கை முடிவு எடுத்தார்கள். அது கீழே இறங்கி இறங்கி, கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு கரட்டடியில் ஒரு துளையிடும் இயந்திரமாகவும் ஆறு ஒப்பந்த ஆட்களாகவும் வந்து நின்றது. முதல் கட்டத்தில் இரும்புக்கல் போதிய தடிமனில் கிடைத்தால் இரண்டாம் கட்ட நிதி வரும்; எங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை இருக்கும். கிடைக்காவிட்டால் இயந்திரம் வேறு மாவட்டத்துக்குப் போகும், நாங்கள் வீட்டுக்குப் போவோம். என் மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டிய வருடம் அது.

மேடம் அதிகம் பேசமாட்டார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்னக் காந்தம் தொங்கவிட்டிருப்பார். கறுப்பாக எந்தக் கல்லைப் பார்த்தாலும் அதை வைத்துப் பார்ப்பார். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கடலில் எண்ணெய் தேடும் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்களாம். அவர்களைப் பற்றி ஒருமுறை சொன்னார்: “கடல்ல தோண்டி ஒண்ணும் வரலைன்னா அடுத்த கிணத்துக்குப் பணம் குடுப்பாங்க பாய். நாம தோண்டி ஒண்ணும் வரலைன்னா ஆபீஸைப் பூட்டிடுவாங்க.” புகார் மாதிரி சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னார்.

கார்த்திகை தீபத்தன்று ஆட்களெல்லாம் மலை சுற்றப் போய்விட்டார்கள். கல்லை அடுக்கப் பயிற்சி எடுத்திருந்தவரும் போய்விட்டார். நிதியாண்டு முடிவதற்குள் இத்தனை மீட்டர் தோண்டியாக வேண்டும் என்று மேலிடத்து நெருக்கடி இருந்ததால், நானும் குழாய் மாட்டும் கூட்டாளி ஒருவரும் மட்டும் நின்று வேலை செய்தோம். மேடம் வேங்கிக்கால் அலுவலகத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். மும்மூன்று மீட்டராக அன்று இரண்டு தடவை கல் எடுத்தோம். கூட்டாளி எடுத்துக் கொடுக்கக் கொடுக்க நான் அடுக்கினேன்.

போர்வெல்லில் முதலில் வெளியே வரும் தூள்தான் மேல்மண். இருபது வருடமாக என் கைக்கு அதுதான் பழக்கம். இங்கே நேர் எதிர். குழாயைத் தூக்கிக் கவிழ்த்தால் அடியில் இருந்த கல்தான் முதலில் வெளியே விழும். நான் முதலில் வந்ததை முதலிலேயே வைத்துவிட்டேன். முதல் தடவை எடுத்ததில் மேல் முனையில் இருந்த இரும்புக்கல் வரிசையின் கடைசிக்குப் போனது. இரண்டாம் தடவை எடுத்ததில் அடியில் இருந்த இரும்புக்கல் வரிசையின் தொடக்கத்துக்கு வந்தது. நடுவில் ஐந்து மீட்டர் வெறும் பாறை கிடக்க, தனித்தனியாக இருந்த இரண்டு மெல்லிய அடுக்குகள் பெட்டிக்குள் ஒட்டிக்கொண்டு ஒரே தடித்த அடுக்காகிவிட்டன.

மறுநாள் மேடம் அளந்து பார்த்துவிட்டு, வந்த நாளிலிருந்து முதன்முறையாகச் சிரித்தார். அறிக்கை போனது, இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதலும் வந்தது. நாங்கள் ஆறு பேரும் பிரியாணி சாப்பிட்டோம். அதற்கு அடுத்த வாரம் மேடம் என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். ஒரு தடவை எடுத்த கல்லின் அடிமுனையும் அடுத்த தடவை எடுத்த கல்லின் மேல்முனையும் ஒரே பாறையிலிருந்து ஒடிந்தவை. ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தீபத்தன்று எடுத்தவை மட்டும் எதனோடும் பொருந்தவில்லை. அவர் அவற்றைத் திருப்பி வைத்திருந்தார். இப்போது கச்சிதமாகப் பொருந்தின.

“முதல்ல வெளியே வந்த கல்லை எங்க வெச்சீங்க பாய்?”

ஞாபகம் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கண்ணெதிரே கல் கிடந்தது. முதலிலேயே வைத்துவிட்டேன் என்றேன். அவர் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஒப்புதல்தான் வந்துவிட்டதே, இனி இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானே ஆரம்பித்தேன்.

“இதை நம்பி நாளைக்கு இந்த ஊர்ல நிலம் எடுப்பாங்க பாய்” என்றார்.

திருத்தக் கடிதத்தை அன்றே எழுதினார். வேங்கிக்காலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். போகும் வழியில் வண்டியை நிறுத்திப் படித்தேன். கற்களை அடுக்குவதை மேற்பார்வை செய்யத் தவறியது தன் பிழை, முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று எழுதியிருந்தார். என் பெயரே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. வேறு எதுவும் அப்போது தோன்றவில்லை என்று சொல்வதுதான் நியாயம்.

இரண்டாம் கட்டம் ரத்தானது. ஒரு மாதத்தில் இயந்திரம் போயிற்று. மேடத்துக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றது. எங்கோ வடக்கே மாற்றிவிட்டார்கள். கல்லைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டார் என்று டீக்கடையில் ஆட்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். படித்தவர்களே இப்படிச் செய்தால் என்ன சொல்வது என்று நானும் சொன்னேன். ஒருமுறை அல்ல, பலமுறை சொன்னேன்.

நான் மறுபடி போர்வெல் வண்டிக்கே வந்துவிட்டேன். கூட்டாளி அடி அண்ணாமலையில், மலை சுற்ற வருகிறவர்களுக்குத் தர்பூசணி வெட்டி விற்கிறார். போன பௌர்ணமியன்று மாலை, கூட்டம் சேர்வதற்கு முன் அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். பழத்துக்குக் கீழே விரித்திருந்த பேப்பரில், கனிமத் தேடலுக்குப் புதிதாக நிதி ஒதுக்கப்போவதாகச் செய்தி இருந்தது. அதைப் படித்துவிட்டு, அந்தம்மா ஒழுங்காகப் பார்த்திருந்தால் நம் பேர் கெட்டிருக்காது, இந்த வேலைக்கும் நம்மையே கூப்பிட்டிருப்பார்கள் என்றார் அவர்.

“மேடம் மேல தப்பில்லைங்க” என்றேன். “தீபத்தன்னிக்குக் கல்லை மாத்தி அடுக்குனது நான்.”

அவர் பழத்தை வெட்டுவதை நிறுத்தவில்லை.

“எல்லாருக்கும் தெரியும் பாய்” என்றார். “அவங்க போயிட்டாங்க. நீங்க இங்கதானே இருக்கீங்க.”