காலில் எதுவும் இல்லாத ஸ்கூட்டர்

ஐம்பத்தேழு வயது மனிதருக்குத் திடீரென்று புதினாப் பச்சை நிற ஸ்கூட்டர் மீது ஆசை வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

நான் என்ன நினைத்தேன் என்பதை இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தக்காளி வாங்கினாலே நான்கு பக்கமும் திருப்பிப் பார்க்கிற ஆள் நான். கட்டின புருஷனைப் பார்க்காமல் விடுவேனா?

பொங்கல் முடிந்த மறு வாரம். சாயங்காலத் தேநீரைக் கையில் கொடுத்தேன். என் கணவர் சேகரன் அதைக் குடிக்காமல் போனை நீட்டினார். திரையில் ஒரு ஸ்கூட்டர். வட்டமான விளக்கு, பளபளக்கும் குரோம், தையல் போட்ட பழுப்பு நிற சீட்... என் அப்பா காலத்துப் புகைப்படத்திலிருந்து நேராக இறங்கி வந்த மாதிரி.

"மல்லிகா, இந்த மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். டவுனுக்குள்ள போக வர ஈசி லா. பிரிக்ஃபீல்ட்ஸ்ல பார்க்கிங் தேடியே பாதி ஆயுசு போச்சு."

"அப்போ கார்?"

"வித்துடலாம்."

இங்கேதான் எனக்கு முதல் மணி அடித்தது. அந்தக் கார் அவருடைய இன்னொரு மனைவி. கியர் மாற்றி ஓட்டுகிற பழைய கார். பதினோரு வருடமாக ஞாயிறு தவறாமல் கழுவுகிறார். என்னிடம் சாவியே தரமாட்டார். "நீ ஓட்டுனா கிளட்ச் தேஞ்சிடும்" என்பார். அதையா விற்கப்போகிறார்?

அதன் பிறகு எல்லாமே கண்ணில் பட ஆரம்பித்தது. வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிறார். கேட்டால், "குளிருது" என்கிறார். கோலாலம்பூரில்! போனை மேசையில் கவிழ்த்து வைக்கிறார். நான் அறைக்குள் வந்தால் திரை அணைகிறது.

சரி, என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று நானும் கூடவே கிளம்பினேன்.

முதலில் பூச்சோங்கில் ஒரு ஷோரூம். இத்தாலிப் பெயர், இத்தாலி விலை. உள்ளே காப்பிக்கடை மாதிரி மரப்பலகையும் செடிகளும். விற்பனையாளர் தம்பி தாடியை அழகாக வெட்டியிருந்தார்.

"பாஸ், இது மோட்டார் இல்ல பாஸ். இது ஒரு லைஃப்ஸ்டைல்."

"லைஃப்ஸ்டைல் பஞ்சரானா யாருப்பா தள்ளுறது?" என்று கேட்டேன். தம்பி சிரித்தார்.

வண்டி அழகுதான், மறுக்கவில்லை. உடம்பு முழுக்கத் தகரம். தட்டினால் 'டங்' என்று சத்தம் வருகிறது. ஆனால் ஸ்டாண்டிலிருந்து இறக்கிப் பார்த்தபோது என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. சக்கரமோ சின்னது. நம் சாலைப் பள்ளங்களில் இது இறங்கினால் ஏறுமா? சீட்டுக்கு அடியில் ஒரு ஹெல்மெட்டை வைத்தால் அப்புறம் கைக்குட்டைக்குத்தான் இடம்.

நான் இதையெல்லாம் பார்க்க, சேகரன் கேட்டது ஒன்றே ஒன்று.

"பிரேக் ரெண்டும் கையிலதானே? கால்ல எதுவும் இல்லையே?"

தம்பியே விழித்தார். "ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர்ல கால்ல ஒண்ணும் இருக்காது பாஸ். காலைச் சும்மா வச்சுக்க வேண்டியதுதான்."

இருபது வருடம் கப்சாய் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மனிதர். இடது காலால் கியர், வலது காலால் பிரேக் என்று நகரம் முழுக்கச் சுற்றியவர். அவருக்கு இது தெரியாதா?

அடுத்த சனிக்கிழமை ஜாலான் ஈப்போ சாலையில் ஒரு கடை. அங்கே தைவானில் செய்த ரெட்ரோ ஸ்கூட்டர். அதே வட்ட விளக்கு, அதே குரோம். ஆனால் தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக். சீனக் கடைக்காரர் வலது கை ஒன்றாலேயே வண்டியைத் திருப்பிக் காட்டினார். "ஆன்டி, வெரி லைட் லா!" உண்மைதான். முன்னால் பை மாட்ட ஒரு கொக்கி. சீட்டுக்கு அடியில் ஐந்து கிலோ அரிசிப் பையே போகும். நகரத்துக்கு இதுதான் சரி என்று எனக்குள் மதிப்பெண் போட்டேன். விலையும் பாதிதான். ஆனால் உதிரி பாகம் எத்தனை நாளில் வரும் என்று கேட்டால் மட்டும் கடைக்காரருக்கு மலாய், ஆங்கிலம் இரண்டுமே மறந்துவிடுகிறது.

சேகரன் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றிப் பார்த்தார். தலை குனிந்து கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும் அதே கேள்வி.

"கால்ல எதுவும் இல்லையே?"

வீடு திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். கியர் வேண்டாம். எடை குறைவாக இருக்க வேண்டும். கால் வைக்கத் தட்டையான இடம் வேண்டும். இது யாருக்கான வண்டி? புதிதாக வண்டி பழகும் ஒரு பெண்ணுக்கான வண்டி! சேலை கட்டினாலும் ஓட்டலாம்... எந்தப் பெண்?

புதன்கிழமை காலை பதில் கிடைத்தது. அவர் குளிக்கப் போயிருந்தார். போன் இந்தத் தடவை கவிழாமல் கிடந்தது. திரை மின்னியது.

"கோமளா கிள்ளான்" என்று ஊரோடு சேர்த்துப் பெயர். அதன் கீழே: "சனிக்கிழமை வாங்க. வீட்லதான் இருப்பேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டி சானாயைத் தட்டிலேயே போட்டேன்.

கேட்டிருக்கலாம். குளியலறைக் கதவைத் தட்டி, "யாருங்க கோமளா?" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும், நேரில் பிடித்தால்தான் உண்மை வரும் என்று தோன்றியது. அவர் துண்டோடு வெளியே வந்ததும், "சனிக்கிழமை எங்க போறதா இருந்தாலும் நானும் வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "கிள்ளான். ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் இருக்கு" என்றார்.

செகண்ட் ஹேண்டாம்!

சனிக்கிழமை கிளம்பினோம். வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் கார் உதறியது. இரண்டு முறை நின்றே போனது. பின்னால் லோரிக்காரர் ஹாரன் அடித்தார். சேகரனின் நெற்றியில் வியர்வை. குற்ற உணர்ச்சி என்று முடிவு கட்டினேன். நன்றாக வியர்க்கட்டும்.

கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பு. வரிசை வீடுகளில் கடைசி வீடு. மணியடித்ததும் கோமளா கேட்டைத் திறந்தாள். முப்பது வயதிருக்கும். நிறைமாத வயிறு.

ஒப்புக்கொள்கிறேன், ஒரு ஐந்து விநாடிக்கு உலகத்திலேயே கேவலமான மனசு என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

"வாங்க அங்கிள், வாங்க அக்கா. வீட்டுக்காரர் வேலைக்குப் போய்ட்டாரு, மத்தியானம் வந்துடுவாரு. இந்த வயித்தோட ஹேண்டலைத் திருப்ப முடியல அக்கா. அதான் விக்கிறேன்."

போர்ட்டிக்கோவில் வண்டி நின்றது. பால் நிறம். குரோமில் ஒரு கீறல் இல்லை.

கோமளா விஷயம் முடிந்தது. ஆனால் என் சந்தேகத்துக்கு அன்றைக்கு வேலை வேண்டுமே... வண்டிப் பக்கம் திரும்பினேன். கிள்ளானில் பழைய வண்டி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெள்ளம். தண்ணீரில் முங்கிய வண்டியைக் கழுவித் துடைத்து விற்பவர்களைப் பற்றி எத்தனை கேட்டிருக்கிறோம்? சீட்டைத் தூக்கி மோந்து பார்த்தேன். போன் வெளிச்சத்தில் திருகாணிகளில் துரு இருக்கிறதா, மூலையில் மண் கோடு இருக்கிறதா என்று தேடினேன். வண்டிப் பதிவுப் பத்திரமான கெரானை வாங்கி, வண்டி எண்ணையும் பெயரையும் இரண்டு தடவை ஒத்துப் பார்த்தேன்.

"இங்க தண்ணி ஏறல அக்கா. ஏறியிருந்தா சொல்லிடுவேன்" என்றாள் கோமளா. கோபமே இல்லை.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்" என்று சேகரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நல்ல வெயில். வண்டி தாமானைச் சுற்றிவரும் சத்தத்தை, என்ஜின் இருமுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டபடி நின்றேன். ஒரு குறையும் இல்லை.

திரும்பி வந்து நிறுத்தினார். முகத்தில் சின்னப் பையன் மாதிரிச் சந்தோஷம். "நல்லா ஓடுது மல்லிகா!"

கோமளா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள்... ஒரு சிலிப்பர் எங்க?"

அவர் குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால். கொதிக்கிற சிமெண்டுத் தரையில் ஊன்றியிருந்தது. கால் வைக்கும் பலகையில் ரத்தம். எங்கோ தெரு முனையில் காலை ஊன்றியபோது கண்ணாடித் துண்டு ஏறியிருக்கிறது. அது இன்னும் பாதத்திலேயே இருந்தது.

செருப்புப் போனது அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடி ஏறியதும் தெரியவில்லை.

"வலிக்கலையாங்க?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். செருப்பைத் தொலைத்தவரின் முகமாக அது இல்லை. மாட்டிக்கொண்டவரின் முகம்.

"எப்பருந்து?" என்று கேட்டேன்.

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து."

கோமளா அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். அந்த வயிற்றோடு குனிய முடியாமல், தண்ணீரையும் பஞ்சையும் என்னிடம் நீட்டி ஒவ்வொன்றாகச் சொன்னாள். கண்ணாடியை எடுத்தேன். கழுவினேன். கட்டினேன். அவர் கால் என் மடியில் இருந்தது. நான் அழுத்திய இடம் எதிலும் அவர் முகம் சுளிக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் அக்கா ஆரம்பிச்சுச்சு. சுகர். சின்னக் காயம்தானேன்னு விட்டுட்டாரு. பாதம் போச்சு." கோமளாவின் குரல் மாறியது. "திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. இன்னைக்கே போங்க. வண்டியப் பத்தி அப்புறம் பேசலாம்."

விற்பவளே வண்டியை மறந்துவிட்டாள். நான்தான் அதுவரை சீட்டுக்கு அடியில் மண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சேகரன் கார் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். பதினோரு வருடத்தில் கேட்காமலே கொடுத்த முதல் தடவை.

ஃபெடரல் ஹைவேயில் நான் ஓட்ட, அவர் சன்னலைப் பார்த்தபடி பேசினார்.

"கிளட்ச் எங்க இருக்குன்னே தெரியல. கால் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாத்துதான் மிதிக்கிறேன். ஒரு நாள் கிளட்ச்னு நெனச்சு பிரேக்க மிதிச்சுட்டேன். பின்னால பஸ்ஸு."

"அதனாலதான் ஸ்கூட்டரா?"

"கால்ல எதுவும் இல்லல்ல. கை நல்லாத்தானே இருக்கு..."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவ. அவரு கால எடுக்கணும்னு சொல்லிட்டா?"

கண்ணில் நீரோடு வண்டி ஓட்டக்கூடாது என்பதால் அழவில்லை.

அவர் எதையோ மறைக்கிறார் என்ற என் சந்தேகம் சரிதான். எதை என்பதில்தான் கேவலமாகத் தோற்றேன். ஒரு பெண்ணைத் தேடினேனே தவிர, ஒரு பயத்தைத் தேடவில்லை. சாக்ஸைப் பார்த்தேன். அதற்குள் இருந்த காலைப் பார்க்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக். டாக்டர் காயத்தைச் சுத்தம் செய்து ஊசி போட்டார். பிறகு சேகரனைக் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் நூல் ஒன்றை எடுத்து, பாதத்தில் அங்கங்கே தொட்டார்.

"படும்போதெல்லாம் 'ஆமா' சொல்லுங்க."

கட்டை விரலில் தொட்டார். மௌனம். விரல்களுக்குக் கீழே தொட்டார். மௌனம். கண்ணை மூடிக்கொண்டு, அவர் பரீட்சையில் கேள்விக்குக் காத்திருக்கும் மாணவன் மாதிரி காத்திருந்தார். நூலோ பாதத்தின் மேலேயேதான் இருந்தது. குதிகாலில் தொட்டபோதுதான் முதல் "ஆமா" வந்தது. நான் என் வாயை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

காலை எடுக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். சர்க்கரைக்கான இரத்தப் பரிசோதனைக்கு ஒரு வருடமாக வராததற்கு மட்டும் நன்றாகத் திட்டினார். மாத்திரையை மாற்றினார். சாக்ஸ் போட்டு, மூடிய ஷூ போட வேண்டும். தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். கிளட்ச் உள்ள கார் கூடாது.

"அப்ப ஸ்கூட்டர், டாக்டர்?" விடவில்லையே மனிதர்!

"சிக்னல்ல நின்னா எதை ஊன்றுவீங்க? தரை எங்க இருக்குன்னு கால் சொல்லணும். உங்க கால் சொல்லாது."

சேகரன் அதற்குப் பிறகு ஸ்கூட்டரைப் பற்றிப் பேசவில்லை. காரை ஓட்டுவது இப்போது நான். அவர் வேலைக்கு எல்ஆர்டி ரயிலில் போகிறார். தினமும் சாயங்காலம் காலை நீட்டுகிறார், நான் விரலிடுக்கு வரை பார்க்கிறேன். முதலில் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. முப்பது வருடக் கல்யாணத்தில் கூச்சப்பட இன்னும் ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டோம்.

போன செவ்வாய்க்கிழமை கோமளாவிடமிருந்து அழைப்பு. விலையைக் குறைக்கிறேன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். என்ன செய்வது, ஒரு மாதத்தில் திருந்தும் மனசா இது?

"அக்கா, வண்டி அப்பவே வித்துப்போச்சு. அதுக்குக் கூப்பிடல. அங்கிள் கால் ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சும்மா" என்றேன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. "கோமளா, அது யாரு அழறது?"

"பாப்பா அக்கா. பொறந்து எட்டு நாள் ஆச்சு. பொம்பளப் பிள்ள."

எட்டு நாள் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு முறை பார்த்த மனிதரின் காலை விசாரிக்கிறாள். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை பாப்பாவைப் பார்க்கக் கிள்ளானுக்குப் போகிறோம் — கமூட்டர் ரயிலில், இருவருமே ஷூ போட்டுக்கொண்டு!