விதிகளை மீறாத வீடியோ

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்தும் யாரும் பிரசாத வரிசைக்குப் போகவில்லை. கோயில் மண்டபத்தில் எல்லோரும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். கோயில் தலைவர் முனியாண்டி மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் லிங்க தொறந்துட்டீங்களா? நான் சொன்னதும் ரிப்போர்ட்ட அமுக்குங்க. வீடியோவ மட்டும் யாரும் பாக்காதீங்கலா!"

என்ன வீடியோ? எழுத மனசே வரவில்லை... ஆனால் இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கோலா சிலாங்கூரில், எங்கள் தாமான் குடியிருப்பில், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர் சரஸ்வதி அக்கா. கணவர் இல்லை. ஒரே மகன் தர்மன், தொழிற்சாலையில் வேலை. இந்த வருடத் தைப்பூசம் முடிந்து சில வாரங்கள்தான் இருக்கும். காலையில் வேலைக்குப் போனவனின் மோட்டார் சைக்கிளை, சபாக் போகும் பெரிய சாலையில் ஒரு லோரி இடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஒரு புண்ணியவான் வந்திருக்கிறார். காரை நிறுத்தி இறங்கியிருக்கிறார். எதற்கு? தண்ணீர் கொடுக்கவா? வீடியோ எடுக்க! முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி, பக்கத்தில் போய்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வரும் முன்பே அந்த வீடியோ ஊரைச் சுற்றிவிட்டது. சபாக்கில் இருக்கும் அவருடைய சொந்தத் தங்கச்சிதான் சரஸ்வதி அக்காவுக்குப் போன் போட்டாராம். "அக்கா... தர்மன் இன்னிக்கு என்னா சட்ட போட்டுக்கிட்டுப் போனான்?"

மகன் செத்த செய்தி ஒரு தாய்க்கு இப்படியா வர வேண்டும்?

அந்த வீடியோ ஓடும் இணையத் தளத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. உங்கள் கையிலேயே இருக்கும். அன்றே புகார் கொடுத்தேன். நல்ல தமிழில் பதில் வந்தது — "உங்கள் புகாரைப் பரிசீலித்தோம். இந்த வீடியோ எங்கள் சமூக விதிகளை மீறவில்லை." இன்னொரு முறை கொடுத்தேன். அதே பதில். தவிர, வீடியோ ஓடுவதற்கு முன்னால் ஒரு பிஸ்கட் விளம்பரம் வேறு. அடப்பாவிகளா!

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

தர்மன் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவன். கன்னத்தில் அலகு, முதுகில் கொக்கி, கண்ணில் ஒரு சிரிப்பு. அந்த வீடியோவைத் தன் பக்கத்தில் போட்டிருந்தான். காரியம் முடிந்த அன்று, அவன் நண்பர்கள் அஞ்சலியாக அதை எல்லோருக்கும் பகிர்ந்தார்கள். பாவம், நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். மறுநாளே அந்த வீடியோவைக் காணவில்லை. "உடலைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் காட்சி" என்று காரணம் சொல்லி, தர்மனின் பக்கத்தையே மூடிவிட்டார்கள்.

அவன் போன் விபத்திலேயே நொறுங்கிப்போனது. அம்மாவுக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடியது, பூனையோடு சண்டை போட்டது... அவன் பேசி, சிரித்து எடுத்த எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. சரஸ்வதி அக்கா தினமும் சோறு வடித்துவிட்டு உட்கார்ந்து பார்ப்பார். இப்போது வீட்டில் மிச்சம் இருப்பது மாலை போட்ட ஒரு படம்தான்.

வேலின் வலி அந்தத் தளத்தை நடத்தும் இயந்திரத்துக்கு வன்முறை. சாலையில் கிடக்கும் பிள்ளை விதிக்கு உட்பட்டவன்!

"நீதான் பேப்பர்ல எழுதுறியே தங்கச்சி, அவங்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லேன்" என்றார் அக்கா. யாருக்குப் போடுவது? தண்ணீர் பில் தப்பாக வந்தால் கவுண்டருக்குப் போகிறோம். நம்பர் எடுத்துக் காத்திருக்கிறோம். உள்ளே இருப்பவரிடம் நாலு வார்த்தை சத்தம் போடுகிறோம். இங்கே கவுண்டரும் இல்லை, ஆளும் இல்லை. திட்டுவதற்காவது ஒரு மனுஷன் வேண்டாமா?

எனக்கு வந்த கோபத்தில், எல்லாவற்றையும் தடை செய்யுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. தர்மனின் காவடியைத் துடைத்துப் போட்டதும் ஒரு தடைதானே? யாரிடமும் கேட்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் செய்த தடை. அந்த அதிகாரத்தை இன்னொருவர் கையில் கொடுத்தால் மட்டும் அவர் நம்மைக் கேட்டுச் செய்வாரா?

முனியாண்டி அண்ணன்தான் வழி சொன்னார். "சாக்கடை அடைச்சா என்னா செய்வோம்? கோத்தோங் ரோயோங் போட்டு ஊரே ஒண்ணா எறங்கி அள்ளுவோம். இதுவும் சாக்கடதான்லா!" அப்படித்தான் வெள்ளிக்கிழமை மொத்த மண்டபமும், கோயில் வைஃபையிலேயே, ஒரே நேரத்தில் ரிப்போர்ட்டை அமுக்கியது.

பிரசாதம் சாப்பிட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "வழக்கத்துக்கு மாறான நடவடிக்கை" என்று எங்களில் பாதிப் பேரின் கணக்கை முடக்கிவிட்டார்கள். கோயிலின் பக்கமும் போச்சு. வீடியோ மட்டும் அப்படியே இருந்தது. முனியாண்டி அண்ணன் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சரஸ்வதி அக்கா என் பக்கத்தில் வந்தார்.

"விட்டுரு தங்கச்சி. அத எடுக்க வேணாம்."

"ஏங்கா?"

"மத்தது எல்லாம் போச்சு. இப்ப எம்புள்ள அதுல மட்டும்தான் இருக்கான்."

அக்கா என் கையில் இருந்த போனைப் பார்த்தார்.

"அதுல அவன் கை அசையுதாமே... அப்ப உசுரு இருந்திருக்கு. நான் இன்னும் பாக்கல. ஒரு தடவ போட்டுக் காட்டு."

"பேட்டரி இல்லக்கா" என்றேன். போனைக் கைப்பைக்குள் தள்ளினேன்.

முழு சார்ஜில் இருந்தது. பொய்தான்... ஆனால் அது எங்கள் சமூக விதிகளை மீறவில்லை.