அடுப்பெரியாத வீட்டுக்கு

உப்பு பார்க்கும்போது சிலுவையம்மாள் கண்ணை மூடிக்கொள்வாள். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பு விட்டு, நாக்கால் தொட்டு, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் காது கொடுத்துக் கேட்பவள் போல நிற்பாள். அப்புறம்தான் கண்ணைத் திறந்து, சேதி கொண்டுவந்தவரைப் பார்த்துக் கேட்பாள்: "செத்தது யாருன்னு சொன்ன?"

ஆள் யாரென்று சொன்னபோது அவள் காதில் விழுந்திருக்காது. எந்த வீடு, எத்தனை பேர் வருவார்கள், எப்போது எடுப்பார்கள் என்பது மட்டும்தான் அவளுக்கு முதலில் வேண்டும். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அங்கே அன்றைக்கு அடுப்பெரியாது. அடுப்பெரியாத வீட்டுக்கு முதல் சோறு சிலுவையம்மாள் வீட்டிலிருந்து போகும். யாரும் சொல்லி ஏற்பட்ட வழக்கமில்லை. "பொணத்துக்குப் பசிக்காது. சுத்தி நிக்கிறவனுக்குப் பசிக்குமில்ல?" என்பாள்.

ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு. கழுத்தில் ஜெபமாலை, கன்னத்தில் அடக்கிய வெற்றிலை. சாவு வீட்டில் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான். அதற்காக யாரும் அவளைக் கோபித்துக்கொண்டதில்லை.

எந்த வீட்டுக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்பது அவளுக்கு அத்துப்படி. இந்து வீடு என்றால் தாளிக்க மாட்டாள். கடுகு வெடிக்கிற வாசம் துக்கத்துக்கு ஆகாது. பிணம் தெருமுனையைத் தாண்டி, வீட்டைக் கழுவி, எல்லாரும் தலை முழுகி வரும்வரை சோற்றுப் பானையை வாசலிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முஸ்லிம் வீடென்றால் அவசரம். மய்யத்தைச் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள். அந்த வீடுகளுக்கு அடுத்த வீட்டுக் காத்தூன் பீவியின் பாத்திரத்தில்தான் சமைப்பாள். தன் வீட்டுச் சட்டியில் என்னென்ன வெந்திருக்கிறது என்று அவளுக்கே தெரியும். சட்டைக்கார வீடுகளுக்கு, அதாவது ஆங்கிலோ இந்தியர் வீடுகளுக்கு, ரொட்டியும் முட்டையும். அங்கே போய்வந்தால் மட்டும் அவளுக்கு மூச்சு முட்டும். "வாய வுட்டு அயுவவே மாட்டாங்க பீவி. மூக்க மட்டும் தொடச்சிகினு குந்திகினு கீறாங்க. பாக்கறதுக்கே பேஜாரா கீது."

அவளுடைய புருஷன் அம்புரோஸ் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். கூட வேலை செய்யும் நீலமேகத்தின் அப்பா இறந்தபோது, சிலுவையம்மாள் பானையோடு வியாசர்பாடிக்கே போய்விட்டாள். அவர்கள் பௌத்தர்கள். எல்லாரும் வெள்ளை உடுத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி, சரணம் சொன்னார்கள். எதெது ஆகாது என்று அவள் நீலமேகத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லக்கா. நீ குட்த்தா துன்னுவோம்" என்றான் அவன்.

"உங்க சாவுதான்டா எனக்குத் தோது" என்று அங்கேயும் சிரித்துவிட்டாள்.

போன வருஷம் வெயில் தொடங்குகிற சமயத்தில் அவளுக்கு வயிற்றில் வலி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா கர்ப்பப்பையில் கட்டி என்றார். ஆபரேஷன் செய்ய வேண்டும். நல்ல கட்டியா பொல்லாத கட்டியா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். திரும்பும்போது சிலுவையம்மாள் பஸ்ஸில் அம்புரோஸ் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பாரிமுனை தாண்டியதும் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நான் பூட்டா நம்ம வூட்டுக்கு யாருயா ஆக்கிப் போடுவாங்க?"

அம்புரோஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். சாவு என்ற பேச்சே அவருக்கு ஆகாது. தன் சொந்தத் தம்பியின் சவ அடக்கத்திலேயே தெருமுனையில் நின்று பீடி குடித்தவர்.

அன்று குளிக்கும்போது அவள் அடிவயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். கட்டி கைக்குத் தட்டுப்பட்டது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. செத்துப்போவதை நினைத்தால் அவளுக்குப் பெரிய பயம் தோன்றவில்லை. காலையில் சாப்பிடாவிட்டால் தலைசுற்றி விழுகிற அம்புரோஸ், தன் உடம்பின் தலைமாட்டில் சாயங்காலம்வரை பட்டினியாக நிற்பதை நினைத்தபோதுதான் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் இரு" என்று வயிற்றைப் பார்த்துச் சொன்னாள்.

ஈரத் தலையோடு நேரே காத்தூன் பீவி வீட்டுக்குப் போனாள்.

"நீதான் ஆக்கணும்."

"நீ சாவப்போறதில்ல. போ சிலுவ."

"செத்தாக்கண்டி?"

பீவி முறத்தைக் கீழே வைத்தாள். "ஆக்கறேன்."

"உனுக்கு இருவது பேருக்கு மேல வடிக்கத் தெரியாது. கொழைச்சிடுவ. ஞாயித்துக்கெயம பூசை முடிஞ்சி வர்றேன். என் வூட்டு வாசல்ல, என் பானையில, நான் பாக்க ஆக்கு."

அப்படியே நடந்தது. பத்து மணிக்குச் சிலுவையம்மாள் வீட்டு வாசலில் கல் கூட்டி, புகை கண்ணில் ஏற, காத்தூன் பீவி பெரிய பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். சிலுவையம்மாள் நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்து, "தீயத் தணி" என்றும் "இப்ப வடி" என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தவள் தெருவுக்குத் தெரியவில்லை. தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் சிலுவையம்மாள் வீட்டில் வேறொருத்தி சமைக்கிறாள் என்பதுதான். அதற்கு ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும்.

முதலில் எதிர்வீட்டுப் பூவம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அப்புறம் நாலைந்து பேராக வரத் தொடங்கினார்கள். கடைசியில், சாவுக்கெல்லாம் கோயிலில் மணியடிக்கும் லூயிஸ், தோளில் துண்டோடு வந்து, தலையைக் குனிந்தபடி வாசலில் நின்றார்.

"மணி எப்ப அடிக்கணும்னு கேட்டுகினு போலாம்னு வந்தேன்."

"குந்து லூயிசு" என்றது உள்ளிருந்து வந்த குரல். "மொதல்ல துன்னு. மணி அப்பால அடிக்கலாம்."

லூயிஸ் தோளிலிருந்த துண்டை விரித்து உட்கார்ந்தார். வந்தவர்கள் எல்லாரும் சந்தின் நெடுக வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோறு குழைந்துதான் போயிருந்தது. பூவம்மா அழுத கண்ணோடு இரண்டாவது தரம் வாங்கிக்கொண்டாள். யாரோ எதற்கோ சிரித்தார்கள். வரிசையின் கோடியில் அம்புரோஸும் இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பீவி அவர் பக்கத்திலேயே நின்று, போதும் போதும் என்று அவர் கை மறிக்க மறிக்க இன்னொரு கரண்டி போட்டாள்.

சிலுவையம்மாள் நிலைப்படியில் நின்று அதைப் பார்த்தாள். தான் இல்லாத நாளில் இந்தச் சந்து எப்படி இருக்கும் என்று பார்த்தாயிற்று. யாரும் பசியோடு இல்லை. உள்ளே போனாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊறுகாய்ச் சாடியோடு வெளியே வந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ஆபரேஷன் ஆயிற்று. நல்ல கட்டிதான் என்றார் டாக்டரம்மா. அம்புரோஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வளாகத்து மரத்தடியிலேயே கிடந்தார். இவர் வேலைக்கு வராததும், ஞாயிற்றுக்கிழமை சமைத்த சேதியும் துறைமுகத்தில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

அவள் வீடு திரும்பிய மறுநாள் காலை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்று காத்தூன் பீவி சிக்கெடுத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வெளியே சைக்கிளைச் சாத்தும் சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டி சட்டையில், கண் சிவந்து, நீலமேகம் வாசலில் வந்து நின்றான். கையில் முழங்கால்வரை தொங்கும் மல்லிகை மாலை.

அவன் உள்ளே பார்த்தான். மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அது அங்கே மறையவில்லை.

"சாப்ட்டியா நைனா?" என்றாள் சிலுவையம்மாள்.

"யக்கா... ஹார்பர்ல சொன்னாங்க... அண்ணன வேற காணமா..." நிலையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

"அயுவாதடா. தையல் பிரிஞ்சிடும், எனுக்கு சிரிப்பு வருது."

காத்தூன் பீவி சீப்போடு முன்னால் வந்தாள். "அத்த உள்ள எட்தாராதே. அப்பிடியே கொண்டுபோய் கடல்ல போட்டுட்டு வா."

"இங்க குடு" என்று சிலுவையம்மாள் கையை நீட்டினாள். வாங்கி மடியில் போட்டு, முகர்ந்து பார்த்தாள். கட்டு விழுந்த இடம் பார்த்து நகத்தால் நாரை அறுத்து, ஒரு முழம் பிரித்தெடுத்தாள்.

"சிலுவ, அது பொணத்துக்குக் கட்டினது" என்றாள் பீவி.

சிலுவையம்மாள் பின்னல் பக்கத்தைப் பீவிக்குத் திருப்பி, பூவைத் தோளுக்குமேல் பின்னால் நீட்டியபடி, தலையைக் குனிந்து காத்திருந்தாள்.