சிவப்புக்குள் எங்கள் மொட்டைமாடி

ஜெர்மனியில் என் ட்ரோனுக்கு என்னைவிட ஒழுங்கான அடையாளம் இருக்கிறது. ஒரு மாம்பழ எடைதான். ஆனாலும் கேமரா இருப்பதால் என் பெயரைப் பதிந்து, வந்த எண்ணை அதன் வயிற்றில் ஒட்டி, காப்பீடும் எடுத்தேன். இத்தனைக்கும் பிறகு பக்கத்து வீட்டுக்கு மேலே பறக்க அவர்கள் சம்மதம் வேண்டுமாம். ஹெல்கா அம்மையாரிடம் போய்க் கேட்டேன். எதற்கு என்றார். உங்கள் தோட்டத்தை மேலிருந்து பார்க்க என்றேன். "நான் பார்த்தாயிற்று" என்று கதவைச் சாத்திவிட்டார்.

ஆவடியில் எங்கள் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். அதற்குள் மேலிருந்து ஒரு படம் வேண்டும் என்று அம்மா போனில் கேட்டார். "கட்ன ஊட்ட ஒருவாட்டிகூட முழுசா பாத்ததில்லடி. சந்துல நின்னு அண்ணாந்தா கழுத்துதான் வலிக்குது." வெளிநாட்டு ட்ரோனை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது என்று படித்ததும் என்னுடையதை ஸ்டுட்கார்ட்டிலேயே விட்டுவிட்டேன். தம்பி சேகர் கல்யாண வீடியோ எடுப்பவன், அவனிடம் உள்ளூர் ட்ரோன் இருந்தது. அந்தத் தைரியத்தில் வந்து இறங்கினேன்.

அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். சாயங்காலம் எல்லா மாடிகளிலும் ஆட்கள். ஹெல்காவிடம் கிடைக்காத சம்மதம் இங்கே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றது. எதிர்வீட்டுக்காரர் தலைக்குச் சாயம்கூடப் பூசியிருந்தார். அப்போதுதான் சேகர் செல்போனில், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசு வரைபடத்தைத் திறந்தான்.

"யக்கா, நம்ம ஏரியா ஃபுல்லா செவப்பு. மிலிட்டரி எடம் பக்கத்துல கீதுல்ல. கவர்மெண்ட் பர்மிஷன் இல்லாம தூக்கக் கூடாது."

"இத முன்னாடியே பாக்க மாட்டியா?"

"நான் தூக்கறதெல்லாம் குமணன்சாவடி தாண்டிதான். நீ ரிமோட்டத் தொடவே தொடாத. உன் பாஸ்போர்ட்டுக்கு நீ ஃபாரினர்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பள்ளி நாட்களில் இதே மாடியில் நின்று விமானப்படை ஹெலிகாப்டர்களுக்குக் கையாட்டியவள் நான். வானம் யாருடையது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். மாடிகளில் எல்லோரும் இன்னமும் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாதான் வழி சொன்னார். பின்பக்கம் இருக்கும் நாலு மாடிக் கட்டடத்தில் ஏறி, செல்போனிலேயே எடுத்துவிடலாம். அம்மாவை எங்கள் மாடியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு நானும் சேகரும் போனோம். அங்கே வாட்ச்மேன் என்னை மறித்தார்.

"யார் ஊட்டுக்கு?"

"எங்க ஊட்டப் பாக்கணும்."

"உங்க ஊடு இங்க கீதா?"

"இல்ல, பக்கத்துல."

"அப்ப பக்கத்துல போய்ப் பாரும்மா."

ஹெல்காவுக்கு ஆவடியில் ஓர் அண்ணன் இருப்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. சேகர் வாட்ச்மேனை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து விதவிதமாகப் படம் எடுக்கத் தொடங்கினான். அந்த இடைவெளியில் நான் மேலே ஏறினேன். கைப்பிடிச் சுவரில் எட்டிக் குனிந்து வீட்டை எடுத்தேன்.

அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கொடிக்கயிறு, தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் மாடிகளில் தெருக்காரர்கள், நடுவில் பச்சைப் புடவையில் அவரே. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாரும் கீறாங்க. நீ எங்கடி?"

"நான்தானம்மா எடுத்தேன்."

அம்மா விடவில்லை. அந்தக் கட்டடத்தின் நிழல் எங்கள் மாடிமேல் நீளமாக விழுந்திருந்தது. அந்த நிழலின் விளிம்பில், தொட்டியின் மேல், சின்னதாக ஒரு தலை.

"தோ, கீறியே" என்றார்.

நான் ஸ்டுட்கார்ட் திரும்பிவந்த அடுத்த வாரம் அம்மா போனில் கூப்பிட்டார். ஜன்னலுக்கு வெளியே ஹெல்கா செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"இடிக்க வந்துட்டாங்கடி" என்றார் அம்மா. "நீ இருந்த தொட்டியத்தான் மொதல்ல ஒடைச்சாங்க."