ஏறிப்போய் அவிழ்க்க முடியாத முடிச்சு

மேலே போனதும் தானாக விரியணும், விரியலேன்னா ஏறிப்போய் அவிழ்த்துவிட ஆளில்லை. எங்க தொழில் இவ்வளவுதான். பயந்துக்கினே வேலை செய்யறவங்க யாராவது இதைப் படிச்சா, என்னையும் உங்க கூட்டத்துல சேர்த்துக்குங்க.

முதல் அடி

செவிலிமேட்டில் ஒரு மாடி வீடுதான் எங்க கம்பெனி. சின்ன செயற்கைக்கோளுக்கு ஆன்டெனா செய்யறோம். பெட்டி ஒரு சோத்து டப்பா அளவு. அதுல நாலு உலோகப் பட்டை, அளவு டேப் மாதிரி. ஒவ்வொண்ணையும் மடிச்சு மெல்லிய நைலான் நூலால கட்டணும். வானத்துல ஒரு கம்பி சூடாகி நூலை உருக்கும், பட்டை விரியும். ஏழாவது வரைக்கும் படிச்ச என்னை எடுத்தது முடிச்சுக்காகத்தான். தறியில தீர்ந்த பாவு நூலோட புதுப் பாவு நூலை இழை இழையாப் பிணைச்ச கை இது.

முதல் நாளே பட்டை நழுவி அடிச்சு விரல் கிழிஞ்சுது. அழுகையை அடக்கிக்கினு நின்னேன். இன்ஜினியர் மேடம் பஞ்சு வெச்சு அழுத்தினாங்க. "பயமா இருக்குதா? இருக்கட்டும்மா. பயப்படாத கை எனக்கு வேணாம்."

எச்சில்

மேலே போகப்போற நிஜப் பெட்டி வந்தது. ரெண்டு கட்டு எனக்கு, ரெண்டு என்னோட முடிச்சுப் போடற சரளாக்காவுக்கு. அன்னைக்கு என் குழந்தைக்கு ஜுரம். மாமியார்கிட்ட விட்டுட்டு வந்திருந்தேன். நினைப்பெல்லாம் அங்கே. முகமூடியைத் தாடைக்கு இறக்கி, நூல் நுனியை நாக்குல தொட்டு, முறுக்கி முடிஞ்சுட்டேன். பாவு பிணைக்கிற பழக்கம். அப்புறம்தான் உறைச்சுது. இங்கே வெறும் விரலே படக்கூடாது. எச்சில் காய்ஞ்சு ஒட்டிக்கினா, நூல் உருகினாலும் பட்டை மாட்டிக்கும்.

சொன்னா வேலை போகும். சொல்லலேன்னா பெட்டி போகும். ரெண்டு நாள் சோறு இறங்கலை. சரளாக்கா காதுல மட்டும் போட்டேன். அவங்க தலையே நிமிரலை. "கம்முனு இரு. மேல போயி எவன் மோந்து பாக்கப் போறான்?"

மூணு விரிஞ்சுது

காத்தை உறிஞ்சிட்டுக் குளிரூட்டற பெட்டி ஒண்ணு இருக்குது. அதுக்குள்ள வெச்சு சோதிச்சாங்க. கண்ணாடி வழியாப் பார்த்தோம். ஒண்ணு விரிஞ்சுது. ரெண்டு. மூணு. நாலாவது அசையலை. மேடம் எதிரே போய் நின்னு, தரையைப் பார்த்துக்கினே எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

மேடம் அந்தப் பட்டையை வெளியே எடுத்து லென்ஸ்ல ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இது உன்னோடது இல்ல, சரளாவோடது. முடிச்சுக்கு வெச்ச பசை வழிஞ்சு ஒட்டிக்கிச்சு. பட்டையெல்லாம் மாத்திடலாம். இனிமே நாலு கட்டும் நீதான் போடணும். சரளா பக்கத்துல உக்காந்து உன் வாயைப் பாத்துக்கினு இருக்கட்டும்."

தாழ்ப்பாள்

ராக்கெட் போயிடுச்சு. எங்க பெட்டி நம்ம ஊரைக் கடக்கிறப்ப அதுல இருந்து சிக்னல் வரணும். முதல் தடவை வரலை. நாலும் என் முடிச்சு; பழி போட வேற ஆள் இல்லை. ரெண்டாவது தடவை நெருங்கறப்ப, நான் பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கினேன். சாமி பேர்கூட வாயில வரலை. கதவு தடதடன்னு ஆடுச்சு. சரளாக்கா குரல். "வெளிய வாடி. சிக்னல் பலமா கேக்குது, விரிஞ்சிடுச்சாம். உள்ள வேற ஆளும் போவணும்."

அது மேலே நல்லபடியா விரிஞ்சாச்சு, அடுத்த பெட்டியும் மேஜைக்கு வந்தாச்சு, அதனால இந்த வாரத்துக்கு வேண்டிய பயம் எனக்குக் குறைவில்லாமக் கிடைக்குது.