நீல வட்டம் போட்டவன்

மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். கையில் திறக்காத மஞ்சள் பெயின்ட் டப்பா ஒன்று, பாதி தீர்ந்த நீல டப்பா ஒன்று. தோளில் தொங்கிய கித்தான் பையில் இரண்டு பிரஷ், ஒரு லுங்கி, ஒரு சட்டை. கீழே ரோட்டில் மைசூர் பஸ் மூன்றரைக்கு வரும். அதைப் பிடித்துவிட்டால் இந்த மலையை நான் பார்த்ததே இல்லை என்று சாகும்வரை சொல்லிக்கொள்ளலாம். இப்படி நான் பார்த்தே இராத ஊர்கள் அப்போதே ஏழெட்டு இருந்தன.

சிக்கல் ஒன்றுதான். பஸ் நிற்கும் இடத்தில் இருப்பது ஒரே ஒரு டீக்கடை. மலையின் இடுப்பில் உள்ள ஊற்றிலிருந்து ஒரு கறுப்பு டியூப் வழியாகத்தான் அந்தக் கடைக்குத் தண்ணீர். அந்த ஊற்று இப்போது நின்றுபோயிருந்தது. நின்றதற்குக் காரணம் நான். இது கடைக்கார அம்மாவுக்குத் தெரியுமா என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அதற்கு இரண்டு மாதம் முன்பு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் மேஸ்திரிக்கும் கருத்து வேறுபாடு வந்தது. நான் போகலாம் என்பது அவர் கருத்து. மைசூருக்கு நடந்தே வந்து, மண்டி மொஹல்லாவில் ஒரு பெயின்ட் கடையில் சரக்கு இறக்கும் வேலையில் சேர்ந்தேன். அந்தக் கடைக்குத்தான் வங்கி அதிகாரி வந்தார்.

அவரும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் காட்டு மலைகளில் நடப்பவர்கள். காலில் தடித்த ஷூ, தலையில் தொப்பி, டிபன் பாக்ஸில் புளியோகரை. நான் பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்த தூரத்துக்கெல்லாம் யாரும் பெயர் வைக்கவில்லை. இவர்கள் நடந்தால் அதற்கு டிரெக்கிங் என்று பெயர். போன மாதம் மைசூரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு கோட்டை மலையில் வழி தவறி, மறுபக்கம் இறங்கி, ஒரு ஆடிட்டரைக் கட்டிலில் வைத்துத் தூக்கிவர வேண்டியதாயிற்றாம். அதனால் பாறைகளில் அம்புக்குறி போட ஆள் தேடினார். மைசூரில் பெயின்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மலை ஏறச் சொன்னதும் எல்லோருக்கும் முழங்கால் வலி வந்துவிட்டது. நான் நடப்பேன் என்றேன். என்னிடம் இருந்த ஒரே தகுதி அதுதான்.

எழுத்து வேண்டாம் என்று அதிகாரி கண்டிப்பாகச் சொன்னார். எழுதினால் வனத்துறைக்காரர்கள் படிப்பார்களாம். அனுமதி பிறகு வாங்கிக்கொள்ளலாமாம். எட்டாவதோடு நின்றவனுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? பாதைக்கு மஞ்சள் அம்பு, ஆபத்துக்குச் சிவப்பில் பெருக்கல் குறி, குடிதண்ணீருக்கு நீல வட்டம். ஒரு காகிதத்தில் வரைந்து கொடுத்தார். உலகத்தில் யாருக்கும் புரியும் என்றார்.

பத்து நாள் அந்த மலையில் அலைந்தேன். உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அதைக் கிழித்துக்கொண்டு போனால் அது நம்மைக் கிழிக்கும். அதற்கு மேலே மூங்கில், அதற்கும் மேலே நெல்லி மரங்கள், பிறகு மொட்டைப் பாறை. பாதை என்று அவர்கள் சொன்னதில் பாதியை ஆடுகள் போட்டிருந்தன, மீதியை யானைகள். உச்சியில் கோட்டை. கதவில்லாத ஒரு வாசல், அதன் வளைவில் தேன்கூடு, சரிந்த மதில், கூரை விழாத ஒரு தானியக் கிடங்கு. என் வாடகையில்லா வீடு அதுதான். இந்தப் பக்கத்தில் கல்லின் மேல் கல் நின்றால் சுல்தான் கட்டியது என்பார்கள். கல் கீழே கிடந்தால் வெள்ளைக்காரன் இடித்தது. நடுவில் இருநூறு வருடம் மதில் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய் வீடு கட்டிய ஊர்க்காரர்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

மலையில் மூன்று ஊற்றுகள். இரண்டு, மழைக்காலத்துக்கு மட்டும் மரியாதை கொடுப்பவை. மூன்றாவதுதான் இடுப்பில் உள்ளது. பாறை வெடிப்பிலிருந்து கசிந்து, கோட்டைக்காரர்கள் பலகைக் கல் நிறுத்திக் கட்டிய சின்னத் தொட்டியில் விழும். கோடையிலும் விரல் தடிமனுக்கு வரும். தொட்டியில் சொருகிய டியூப் கீழே கடையின் சிமென்ட் தொட்டிக்கு ஓடும். மூன்றுக்கும் நீல வட்டம் போட்டேன். மூன்றாவதற்கு அழகாகவே போட்டேன்.

சாப்பாட்டுக்குத் தினமும் கடைக்கு இறங்குவேன். கடைக்கார அம்மா ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க்காரர். வீட்டுக்காரர் மைசூரில் ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். மீதி நாள் கடையில் அந்த அம்மா ஒருவர்தான். பத்து நிமிடம் நிற்கும் பஸ்களை நம்பித்தான் கடை. டிரைவர் இன்ஜினை அணைத்தால் வியாபாரம் உண்டு, அணைக்காவிட்டால் இல்லை.

அங்கே டீ குடிக்க வரும் ஊர்க்காரர்களுக்கு என் வேலை பெரிய பொழுதுபோக்கு. அதிலும் மொபெட்டில் வரும் ஒருவர் விடவே மாட்டார். அந்த நீல வட்டம் எதற்கு என்று மூன்று நாள் கேட்டார். தண்ணீருக்கு என்று மூன்று நாளும் சொன்னேன். தண்ணீர் இருக்கும் இடம்தான் எல்லோருக்கும் தெரியுமே, அதைக் காட்ட மைசூரிலிருந்து ஆள் அனுப்புவார்களா என்றார். நியாயமான கேள்வி. நான்காம் நாள் எனக்கு அலுத்துப்போயிற்று. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன்: சுல்தானின் புதையல் பெட்டி எங்கே இருக்கிறது என்று பெரிய அதிகாரிகள் கண்டுபிடித்துவிட்டார்கள், மஞ்சள் அம்பு வழி காட்டும், நீல வட்டம் இடத்தைக் காட்டும், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். கடையே சிரித்தது. நானும் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு இரண்டு வடை கூடுதலாகத் தின்றேன்.

வேலை முடிந்து மைசூர் திரும்பினேன். இரண்டு வாரம் கழித்து, மழைக்கு முன் இன்னொரு பூச்சு அடித்துவிட்டு வா என்று அதிகாரி அனுப்பினார். ஒரு லாரிக்காரர் மலையின் மறுபக்கத்தில் இறக்கிவிட்டதால் அந்த வழியாகவே ஏறினேன்.

முதல் மஞ்சள் அம்பின் நுனியில் இடுப்பளவுக் குழி. காட்டுப் பன்றி என்று நினைத்தேன். இரண்டாவது அம்பின் நுனியிலும் குழி. பன்றி குழியருகே குங்குமம் கொட்டி எலுமிச்சம்பழம் அறுக்காது, சேவல் இறகும் போடாது. புதையல் தோண்டுகிறவர்கள்தான் முதலில் பூசை போடுவார்கள். உச்சிவரை அம்பு காட்டிய இடமெல்லாம் தோண்டியிருந்தார்கள். நான் தூங்கிய கிடங்கின் தரையைக்கூட விடவில்லை. செங்குத்துச் சரிவில் நான் போட்ட சிவப்புக் குறியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. நான் வரைந்ததில் சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டது அது ஒன்றுதான்.

மூன்றாவது ஊற்றுக்கு வந்தேன். பலகைக் கற்களைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டியிருந்தார்கள். வெடிப்புக்குள்ளும் கடப்பாரையை விட்டு உடைத்திருந்தார்கள். பெட்டி கிடைக்கவில்லை போலும். தண்ணீர் உடைசலுக்குள் எங்கோ இறங்கிப் போய்விட்டது. காதை வைத்துக் கேட்டேன், உள்ளே ஓடுகிற மாதிரிதான் இருந்தது. கையால் கல்லை வாரினேன். மண் சரிந்து கேட்கிற சத்தமும் நின்றது. அதற்குமேல் அங்கே நான் செய்யக்கூடியது இன்னும் கெடுப்பதுதான். டப்பாக்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டியூப்பை ஒட்டித்தான் வழி. தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் ஓடும்போது குளிர்ந்து கனக்கும்; இப்போது வெயிலில் சுட்டது, கனமே இல்லை.

கடையில் அந்த அம்மா காலியான சிமென்ட் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே வாளித் தண்ணீரில் எல்லா டம்ளர்களையும் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் டீயின் நிறத்துக்கே வந்திருந்தது. நிமிராமலே பேசினார்.

"வாங்ணா. பெயின்ட் அடிக்க வந்தீங்ளா?"

ஆமாம் என்றேன்.

"எங்கியாச்சும் இன்னும் தண்ணி பாக்கி இருக்குதுங்ளா, வட்டம் போடறதுக்கு?"

தெரியுமா தெரியாதா என்ற சந்தேகம் எனக்குத் தீர்ந்தது. மைசூர்ப் பெரியவரிடம் சொல்கிறேன், அவர் ஏதாவது ஏற்பாடு செய்வார் என்று தொடங்கினேன்.

"அவுரு வந்து கொடம் தூக்குவாருங்ளா?"

அதிகாரியை ஒரு கணம் குடத்தோடு நினைத்துப் பார்த்தேன். தூக்க மாட்டார்.

"நான் சும்மா கேலிக்குத்தாம்மா சொன்னேன்."

"அது எனக்குத் தெரியுமுங். நானுந்தான் அன்னைக்குச் சிரிச்சேன். அந்த மொபெட்காரன் மட்டும் சிரிக்கல. நீங்களும் பாத்தீங்க, நானும் பாத்தேன்."

அவர் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தார். நாலு நாளாக இப்படித்தானாம். அடிபம்பு இருப்பது ஊருக்குள், ஒன்றரை மைல். தண்ணீருக்குப் போனால் கடையைப் பூட்ட வேண்டும். பூட்டாமல் இருந்தால் டீ போடத் தண்ணீர் இல்லை. டிரைவர்கள் இன்னும் இரண்டு நாள் பார்ப்பார்களாம், பிறகு அடுத்த ஊர்க் கைகாட்டிக் கடையில் நிறுத்திக்கொள்வார்களாம். ஒரு தடவை இடம் மாறினால் பஸ் திரும்ப வராது என்றார். மழை பிடித்தால் ஊற்று வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். திட்டு வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

மூன்றரை பஸ் வந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கண்டக்டர் தலையை நீட்டி டீ உண்டா என்று கேட்டார். இல்லை என்று அந்த அம்மா கையை ஆட்டினார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் படியில் ஒரு காலை வைத்தாயிற்று.

"சைக்கிள் கடைக்குப் பின்னாடி நிக்குது. காத்து மட்டும் அடிக்கோணும்," என்றார் அந்த அம்மா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. டம்ளர்களைப் பார்த்துத்தான் சொன்னார்.

காலை எடுத்துவிட்டேன். நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த முப்பது பேரும் டீ கிடைக்காத கோபத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு இரண்டு மணி நேரம் மைசூர்வரை போவதைவிட ஒன்றரை மைல் மிதிப்பது சுலபமாகப் பட்டது.

மறுநாள் காலை விடிந்தும் விடியாமலும் வேலையில் சேர்ந்தேன். சம்பளம் பேசவில்லை, இரண்டு வேளைச் சோறும் டீயும் என்று அந்த அம்மாவே முடிவு செய்துவிட்டார். கேரியரின் இரண்டு பக்கமும் கம்பி வளைத்து நான்கு பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு போனேன். அடிபம்பில் பெண்கள் வரிசை. ஆம்பளை முன்னால் போகலாம் என்ற சலுகையெல்லாம் அங்கே இல்லை. கடைசியில் போய் நில் என்றார்கள், நின்றேன். முதல் நடையில் மேட்டில் ஒரு குடம் கவிழ்ந்தது. இரண்டாவது நடையில் கவிழவில்லை.

ஏழு மணி பஸ் வந்தபோது மூன்றாவது நடையில் பாதி வழியில் இருந்தேன். கடை கண்ணுக்குத் தெரியவில்லை. பஸ் என்னைத் தாண்டிப் போய் வளைவில் திரும்பியது, பிரேக் போட்டது, கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டே நின்றது. பிறகு இன்ஜினை அணைத்தார்கள். நான் இறங்கி, நான்கு குடத்தோடு சைக்கிளை மேட்டில் தள்ளத் தொடங்கினேன்.