நசீமா கேட்டு வாங்கிய பூத்துணி

“உம்மா காலையில மௌத்தாகிட்டா, சேர்” என்று மூதூரிலிருந்து நசீமாவின் மகள் தொலைபேசியில் மரணச் செய்தி சொன்னார். யுத்த காலத்தில் திருகோணமலை நகரத்து நிவாரண அலுவலகம் ஒன்றில் நானும் நசீமாவும் மொழிபெயர்ப்பாளர்களாக இருந்தோம். அவரோடு வேலை செய்த உங்களில் பலர் அறியாத ஒன்றை இந்த அஞ்சலிக் குறிப்பில் சொல்ல வேண்டும்.

இடம்பெயர்ந்தோருக்கு ‘யூட்டிலிட்டேரியன்’ பொருட்களை மட்டுமே கொடுக்கலாம் என்று ஒருமுறை சுற்றறிக்கை வந்தது. நான் ‘பயனுள்ள’ என்று எழுதினேன். நசீமா எட்டிப் பார்த்தார்.

“அது மட்டுமில்ல, சிவா. அழகு பார்க்காம, வேலைக்கெண்டே செய்த சாமான். நீங்கள் இருக்கிற இரும்புக் கதிரை மாதிரி.”

சிரித்துக்கொண்டே திருத்தினேன்.

அடுத்த வாரம், கிளிவெட்டியிலிருந்து வந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்த பெண்கள் பட்டியல் கொடுத்தார்கள். சட்டி, பாய், வாளி, கடைசியாகப் பூப்போட்ட திரைத்துணி. எங்கள் மேலதிகாரி வெளிநாட்டுக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். பட்டியலில் திரைத்துணியைக் கோடிட்டு நீக்கிவிட்டு, ‘யூட்டிலிட்டேரியன் அல்ல’ என்று பக்கத்தில் எழுதினார். மறுப்புக் கடிதத்தை நான் தமிழில் எழுதத் தொடங்கிவிட்டேன்.

“பொறுங்கோ. ஏன் கேக்கினம் எண்டு கேட்டீங்களா?” என்றார் நசீமா.

மேலதிகாரியையும் அழைத்துக்கொண்டு போனோம். ஒரே மண்டபத்தில் அத்தனை குடும்பங்கள். ஒரு மூலையில் இரண்டு பெண்கள் சேலையொன்றை விரித்துப் பிடித்தபடி நின்றார்கள். அதன் பின்னால் ஒரு பிள்ளை உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

“கை உளையுது, மிஸ். நாள் முழுக்க ஆராவது பிடிச்சுக்கொண்டு நிக்க வேணும்” என்றாள் ஒருத்தி.

நசீமா அதை ஆங்கிலத்தில் சொன்னார். மேலதிகாரியின் முகம் சிவந்தது. “சரி, துணி தரலாம். ஆனால் பூ எதற்கு?” என்றார். நசீமா அந்தப் பெண்ணிடமே கேட்டார்.

“வெறும் துணியெண்டா வெளிச்சத்தில உருவம் தெரியும், மிஸ். பூவெண்டா கண்ணுக்குப் பிடிபடாது.”

நசீமா ஒரு சொல்லும் கூட்டாமல் மொழிபெயர்த்தார். பிறகு தன் பங்குக்கு ஒரே வாக்கியம்: “ஐயா, இந்த மண்டபத்தில் அந்தப் பூவும் யூட்டிலிட்டேரியன்தான்.”

மேலதிகாரி அங்கேயே பட்டியலைத் திருத்தினார். வெள்ளிக்கிழமை துணி வந்து சேர்ந்தது.

அன்று அலுவலகம் திரும்பியதும், பாதி எழுதிய மறுப்பைக் கிழித்துப் போட்டேன். என் கடிதத்தில் சொல் பிழையிருந்திராது. அந்தப் பெண்கள் மட்டும் சேலையைப் பிடித்துக்கொண்டே நின்றிருப்பார்கள்.

அதன்பின் ஓய்வுபெறும் வரைக்கும், கேட்டவரை நேரில் காணாமல் எந்த மறுப்புக் கடிதத்தையும் நான் மொழிபெயர்த்ததில்லை. நசீமாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பழக்கம்.